விண்கலம், யுத்தம், சண்டை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் இருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது படம் பார்க்கிற சாதாரண ஆள். விமர்சனம் எழுதுவது என் தொழில் இல்லை. ஆனால் விண்வெளிப் படம், யுத்தப் படம், சண்டைப் படம் என்றால் சொந்தக்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள், தங்கச்சியின் பிள்ளைகள் எல்லோரும் என்னிடம்தான் வருகிறார்கள், கேட்பதும் பெரும்பாலும் ஒன்றையேதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கதையின் திருப்பங்களை முடிந்தவரை சொல்லாமல் விட்டிருக்கிறேன், சில இடங்களில் சொல்லாமல் முடியவில்லை.

ஏன் எப்போதும் இந்த மூன்று வகைப் படமே?

இந்த மூன்றிலும் மனிதர்கள் பெரிய ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போதுதான் யார் வேலை செய்கிறார்கள், யார் உத்தரவு போடுகிறார்கள், யார் யாருக்காகச் சாகிறார்கள் என்பதெல்லாம் வெளியே வரும். நான் பார்ப்பது அதைத்தான். விண்கலம் எவ்வளவு பெரியது என்பதில் எனக்கு அக்கறை குறைவு, அதைப் பழுது பார்க்கிறவன் யார் என்று தெரிய வேண்டும். பாலம் வெடித்துச் சிதறினால் அதைக் கட்டியவன் யார் என்று கேட்பேன். அதைக் காட்டாமல் விடுகிற படம் எத்தனை கோடியில் எடுத்ததாக இருந்தாலும் என் மனதில் நிற்பதில்லை.

அப்படியானால் உங்களுக்குப் பிடித்த விண்வெளிப் படம் எது?

1979இல் ரிட்லி ஸ்காட் எடுத்த ‘ஏலியன்’. எல்லோரும் அதைப் பயமுறுத்துகிற படம் என்றுதான் சொல்வார்கள், பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேற்றுக்கிரக ஜந்து வருவதற்கு முன்னால் உள்ள பகுதியைக் கவனித்துப் பாருங்கள். ஏழு பேர் ஒரு கம்பனிக்காகக் கனிம மண் ஏற்றிக்கொண்டு பூமிக்குத் திரும்புகிறார்கள். நடுவழியில் ஒரு சிக்னல் வந்ததால் அவர்களை எழுப்பிவிடுகிறார்கள். இயந்திரப் பகுதியில் வேலை செய்கிற இரண்டு பேர், பார்க்கரும் பிரெட்டும், முதலில் கேட்பதே சம்பளத்தைப் பற்றித்தான்: மற்றவர்களுக்குக் கிடைக்கிற பங்கு எங்களுக்கு ஏன் இல்லை, இது எங்கள் வேலையே இல்லையே. அதற்கு வருகிற பதில் என்ன தெரியுமா? ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, அந்தச் சிக்னலைத் தேடிப் போகாவிட்டால் மொத்தப் பங்கும் போய்விடும்.

தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆக வேண்டும் என்று வருடக்கணக்கில் ரோட்டில் நின்று, கடைசியில் 2021இல்தான் அதைப் பார்த்தவர்கள் நாங்கள். கூட்டு ஒப்பந்தம் என்றால் என்ன, அதில் ஒரு வரி ஆளை எப்படிக் கட்டிப்போடும் என்பதெல்லாம் எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதனால்தான் அந்தப் படத்தில் பின்னால் கம்பனியின் உத்தரவு வெளியே வரும்போது, அதாவது ஜந்து பத்திரமாக வந்து சேர வேண்டும், ஆட்கள் போனாலும் பரவாயில்லை என்ற அந்த உத்தரவு, எனக்கு ஜந்தைவிட அதுதான் பயங்கரமாகப் பட்டது.

செவ்வாய்க் கிரகத்தில் உருளைக்கிழங்கு போட முடியுமா?

2015இல் வந்த ‘த மார்ஷியன்’ படத்தைப் பார்த்த எல்லோரும் கேட்கிற கேள்வி. வெலிமடை, கந்தப்பளைப் பக்கம் கிழங்கு போடுகிற உறவுக்காரர்கள் இருப்பதால் இதை நான் அவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். கதை இதுதான்: செவ்வாயில் தனியாக விடப்பட்ட ஒரு தாவரவியலாளர், சாப்பாட்டுப் பொதியில் வந்த பச்சைக் கிழங்கைத் துண்டு போட்டு, கூடாரத்துக்குள் செவ்வாய் மண்ணைக் கொண்டுவந்து பரப்பி, மனிதக் கழிவையே உரமாகப் போட்டு நட்டு வளர்க்கிறார்.

துண்டு போடுவது சரி. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண்ணாவது இருக்க வேண்டும், படத்திலும் அப்படித்தான் வெட்டுகிறார். ஆனால் எங்கள் ஆட்கள் உடனே கேட்டது, அந்தக் கிழங்கு முளை விட்டிருந்ததா என்றுதான். தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று மாதம் தூங்கும், அந்தத் தூக்கம் கலைந்து முளை எட்டிப் பார்த்த பிறகுதான் அது விதைக்கிழங்கு. அதற்கு முன்னால் மண்ணில் போட்டால் எப்போது வரும், எத்தனை வரும் என்று சொல்லவே முடியாது, பாதி அழுகியும் போகும். அப்புறம் மண் அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் கிழங்கு வெளியே தெரிந்து பச்சை பிடித்துவிடும், பச்சை பிடித்த கிழங்கில் நஞ்சு இருக்கிறது, தின்னக் கூடாது. ஒரு விஷயத்தில் மட்டும் அந்த ஆள் கொடுத்து வைத்தவர் என்றார்கள்: அங்கே வெளியிலிருந்து கருகல் நோய் வர வழியே இல்லை. மழை மூடத்தில் ஒரே வாரத்தில் முழுத் தோட்டமும் கறுத்துப் போவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மண்ணில்தான் பெரிய சிக்கல். 2008இல் செவ்வாயில் இறங்கிய பீனிக்ஸ் விண்கலம் அங்குள்ள மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு இருப்பதைக் கண்டுபிடித்தது. அது உடம்புக்கு ஆகாது. தண்ணீரில் கரையும் என்பதால் மண்ணைக் கழுவிவிடலாம், ஆனால் படத்தில் தண்ணீருக்கே அந்த மனிதர் உயிரைப் பணயம் வைக்கிறார். தொடக்கத்தில் வருகிற புயலும் நடக்காது. செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு வீதம் கூட இல்லை, அங்கே எவ்வளவு வேகமாகக் காற்று அடித்தாலும் ராக்கெட்டைச் சாய்க்காது. இதெல்லாம் தெரிந்தும் அந்தப் படம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் ஒரு மனிதன் மண்ணை அள்ளிப் போட்டு, குனிந்து நட்டு, முதல் இலையைப் பார்த்துச் சந்தோஷப்படுவதை அவசரப்படாமல் காட்டியிருக்கிறார்கள்.

விண்வெளியில் வெடிச்சத்தம் கேட்குமா?

கேட்காது. சத்தம் பரவக் காற்று வேண்டும். 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ இதைச் சரியாகச் செய்தது, வெளியே போனால் மூச்சுச் சத்தம் மட்டும்தான். மற்றப் படங்களில் ‘டமால்’ என்று கேட்டால் நான் கோபப்படுவதில்லை, அது இசை மாதிரி.

‘இன்டர்ஸ்டெல்லார்’ ஒன்றும் புரியவில்லையே, அதில் என்ன இருக்கிறது?

கருந்துளைக்குப் பக்கத்தில் நேரம் மெதுவாக ஓடும், அவ்வளவு தெரிந்தால் போதும். இயற்பியலாளர் கிப் தோர்ன் ஆலோசகராக இருந்து அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டார். கதையில் தண்ணீர்க் கிரகத்தில் ஒரு மணித்தியாலம் நின்றால் பூமியில் 7 வருடம் போய்விடும். கொஞ்ச நேரம் தாமதித்துவிட்டுக் கலத்துக்குத் திரும்புகிற தகப்பனுக்கு 23 வருடச் செய்திகள் காத்திருக்கின்றன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். மகன் வளர்ந்து, கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, கடைசியில் இனி நீங்கள் கேட்கப் போவதில்லை என்று நிறுத்திவிடுகிறான்.

இந்தக் காட்சியைப் பார்த்து எங்கள் வீட்டில் அழாத பெண்கள் இல்லை. சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போன அம்மாமார் எத்தனை பேர் பிள்ளையின் பெரிய பிள்ளைச் சடங்கை போனில் பார்த்தார்கள்! திரும்பி வந்தபோது பிள்ளை ஆச்சியின் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். விஞ்ஞானம் புரியாவிட்டாலும் அந்தக் காட்சி புரியாதவர் எங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் பயிர்கள் ஒவ்வொன்றாக நோய் பிடித்து அழிகின்றன, வெண்டைக்காயின் கடைசி அறுவடை முடிந்துவிட்டது என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார். இது கற்பனை என்று நினைக்காதீர்கள். இந்த மலைகளில் தேயிலைக்கு முன்னால் கோப்பிதான் இருந்தது. 1869இல் இலையில் துரு நோய் கண்டது, கொஞ்ச வருடங்களில் கோப்பித் தோட்டங்கள் மொத்தமாகப் போயின, அந்த இடத்தில் தேயிலை வந்தது. ஒரு பூஞ்சை ஒரு நாட்டின் மலையையே மாற்றிய கதைக்குள்தான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம்.

அறிவியல் புனைவுக்கும் நம்ம ஊருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

நிறைய. ‘2001’ படத்தின் கதையை ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் கொழும்பில் இறக்கும் வரை இங்கேயே வாழ்ந்தவர். அவர் 1979இல் எழுதிய ஒரு நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்டுகிறார்கள். அது தொடங்குகிற மலைக்கு முன்மாதிரி நம் சிவனொளிபாதமலைதான். மஸ்கெலியா, நல்லதண்ணி வழியாக ஏறுகிறோமே, அதேதான். அப்படிப்பட்ட மின்தூக்கி நிலநடுக்கோட்டில்தான் நிற்க முடியும் என்பதால் கதைக்காக இலங்கையை சுமார் 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார். இதை யாராவது படமாக எடுத்தால் நான் முதல் ஆளாகப் போவேன்.

அதைவிட நெருக்கமான சம்பந்தம் லயத்துக் கூரையில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின் கூரையில் இருக்கிறது. தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களைப் பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பது மாதிரி சுற்றவிடலாம் என்று 1945இலேயே எழுதியவர் இந்தக் கிளார்க். செயற்கைக்கோள் நகராதது மாதிரி நிற்பதால்தான் டிஷ்ஷை ஒரு தடவை திருப்பி இறுக்கிவிட்டு விட்டுவிட முடிகிறது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் டிஷ் நன்றாக மேலே பார்த்துக்கொண்டிருக்கும். அடைமழையில் அலை தேய்ந்து, சரியாகக் கிளைமாக்ஸில் படம் கட்டம் கட்டமாக உடைவது மட்டும் ஜூன், ஜூலையில் எங்களுக்குப் பழகிப்போன ஒன்று.

கித்துல்கலவில் எடுத்த அந்தப் பாலப் படம் உண்மைக் கதையா?

அட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகிறவர்கள் கினிகத்தேனை தாண்டி, களனி ஆற்றங்கரையில் அந்த இடத்தைக் கடந்துதான் போகிறோம். டேவிட் லீன் இயக்கிய ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்’, 1957, ஏழு ஒஸ்கார். யானைகளை வைத்து மரம் இழுத்து உண்மையான பாலமே கட்டி, உண்மையான ரயிலோடு வெடித்தார்கள். பாலத்தின் அடித்தளக் கொங்கிறீட் இன்னும் அங்கே இருக்கிறது.

கதை பாதி உண்மை. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீற்றர் ரயில் பாதை போட்டார்கள், 1943இல் முடித்தார்கள். 60,000க்கு மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் அதில் வேலை செய்தார்கள், 12,000க்கு மேல் செத்தார்கள். படத்தில் வருவது இவர்களின் கதை: ஒரு பிரிட்டிஷ் கேர்னல் தன் பெருமைக்காக எதிரிக்கே நல்ல பாலம் கட்டிக் கொடுக்கிறார். உண்மையான பாலத்தை அதிரடிப்படையினர் யாரும் வெடி வைத்துத் தகர்க்கவில்லை, 1945இல் விமானங்கள் குண்டு போட்டன.

ஆனால் அந்தப் பாதையில் செத்தவர்களில் பெரும்பாலானோர் வெள்ளைக்காரர்கள் இல்லை. ஆசியத் தொழிலாளர்கள், பல்லாயிரக்கணக்கில். அவர்களில் பெரிய தொகையினர் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு என்று சொல்லியும் கூட்டிப்போனார்கள், வலுக்கட்டாயமாகப் பிடித்தும் ஏற்றினார்கள். காட்டில் கொலரா வந்தது, மருந்தில்லை. மலேசியத் தமிழர்கள் அதை இன்றும் சயாம் மரண ரயில் என்றுதான் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், அவர்களும் நாங்களும் ஒரே ஊர்களிலிருந்து, ஒரே வெள்ளைக்காரனால், ஒரே கங்காணி முறையில் கப்பலேற்றப்பட்டவர்கள். ஒரு கப்பல் மலாயாவுக்குப் போனது, ஒன்று இங்கே வந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் பெயரோடும் பராமரிப்போடும் இருக்கின்றன. தோட்டத் தமிழனுக்கு அப்படித் தனித்தனிக் கல்லறை இல்லை. எங்கள் மலையடிவாரத்தில் எடுத்த படத்திலும் அவன் இல்லை.

அந்தப் படத்துக்கு மூலமான நாவலை எழுதிய பியேர் பூல் யுத்தத்துக்கு முன் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்பது தெரிந்தபோது எனக்கு மனது இன்னும் பாரமானது. அந்தத் தொழிலாளர்களைத் தினமும் பார்த்த மனிதர். ‘பிளானட் ஒஃப் த ஏப்ஸ்’ கதையும் அவருடையதுதான், அதில் மனிதர்களைக் குரங்குகள் வேட்டையாடிக் கூண்டில் அடைத்து வைத்திருக்கும்.

க்வாய் படம் நல்ல படமா என்று கேட்டால் நல்ல படம்தான். அலெக் கின்னஸின் நடிப்புக்காகவே பார்க்கலாம். ஆனால் அந்தத் தமிழர்களின் கதையை ஒரு பெரிய படமாக யாராவது எடுக்க வேண்டும். எடுக்கிறவர்களுக்கு ஆறும் காடும் இங்கே அப்படியே இருக்கின்றன.

யுத்தப் படங்களில் சிலவற்றை ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறீர்கள்?

யுத்தத்தைத் திருவிழாவாகக் காட்டினால் நிறுத்திவிடுவேன். 1958, 1977, 1983 கலவரங்களில் மலையகத்திலிருந்து அடிபட்டுப் போய் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். 2009 வரை அங்கே என்ன நடந்ததோ அதெல்லாம் அவர்கள் தலையிலும் விழுந்தது. இங்கே இருந்தவர்களுக்கோ கொழும்பில் பஸ்ஸிலிருந்து இறக்கி அடையாள அட்டை பார்க்கிற சோதனைச் சாவடிதான் யுத்தம். இத்தனையும் ஒரு வீட்டு மேசையில் பேச்சாக இருக்கும்போது, ஆள் சாவதைக் கைதட்டிப் பார்க்கிற மாதிரி எடுத்த படத்தை என்னால் பார்க்க முடியாது. எந்த நாட்டுக் கொடி பறந்தாலும் சரி.

அப்போது எந்த யுத்தப் படத்தைப் பார்க்கச் சொல்வீர்கள்?

2022இல் வந்த ஜெர்மன் படம், ‘ஆல் குவயட் ஒன் த வெஸ்டர்ன் ஃபிரன்ட்’. முதல் பத்து நிமிடத்தைக் கவனியுங்கள். ஒரு சிப்பாய் சாகிறான். அவன் உடுப்பைக் கழற்றி எடுக்கிறார்கள், மூட்டை கட்டுகிறார்கள், இரத்தத் தண்ணீர் போகப் போகத் துவைக்கிறார்கள், பிறகு வரிசையாகத் தையல் மெஷின்கள், பெண்கள் உட்கார்ந்து குண்டு துளைத்த ஓட்டைகளைத் தைக்கிறார்கள். அந்த உடுப்பு புதிதாகச் சேர்ந்த பையனுக்குப் போகிறது. உள்ளே வேறு ஒருவனின் பெயர் இருக்கிறதே என்று அவன் கேட்கிறான், அதைக் கிழித்து மேசைக்கடியில் போட்டுவிட்டு, சிறியதாக இருந்திருக்கும் என்கிறார்கள். எங்கள் தோட்டங்களிலிருந்து எத்தனை பெண் பிள்ளைகள் கார்மென்ட்ஸுக்குப் போகிறார்கள்! அந்த மெஷின் சத்தம் கேட்டதும் பக்கத்திலிருந்த மச்சாள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது 1988இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படம், ‘கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃபிளைஸ்’. கோபே நகரில் குண்டு விழுந்த பிறகு ஓர் அண்ணனும் சின்னத் தங்கையும் பசியோடு அலைவதுதான் கதை. சண்டைக்காட்சி கிடையாது. கார்ட்டூன் தானே என்று சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டுவிடாதீர்கள்.

கண்டியில் ‘இந்தியானா ஜோன்ஸ்’ எடுத்தார்களாமே?

ஆமாம், 1984இல் வந்த இரண்டாவது பாகம். கதை நடப்பது இந்தியாவில், ஆனால் இந்தியா அனுமதி கொடுக்கவில்லை, அதனால் இங்கே வந்தார்கள். அந்தப் பிரபலமான தொங்குபாலம் கட்டியது மகாவலியில் விக்டோரியா அணைக்குப் பக்கத்தில், அப்போது அணை வேலை நடந்துகொண்டிருந்தது, அங்கிருந்த பொறியியலாளர்களே உதவினார்கள். பாலச் சண்டை அருமை. ஆனால் குரங்கு மூளை விருந்தும், வெள்ளைக்காரன் வந்து காப்பாற்றும் வரை அழுதுகொண்டு நிற்கிற கிராமமும் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்குத் தங்களுக்காகப் போராடத் தெரியும். 1940இல் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டுச் செத்த மலையும் அந்தப் பக்கம்தான்.

சண்டைப் படத்தில் போய் லொஜிக் பார்க்கலாமா?

லொஜிக் வேண்டாம், உடம்புக்குப் பாரம் வேண்டும். அடி வாங்கினால் வலிக்க வேண்டும், ஓடினால் மூச்சு வாங்க வேண்டும். நூறு பேரை அடித்தும் சட்டை மடிப்புக் கலையாத நாயகனைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவிதான் வரும். 2019இல் வந்த ‘கைதி’ ஏன் பிடித்தது? ஒரே இரவு, ஒரு லொறி, பாட்டில்லை, சிறையிலிருந்து வந்தவன் முதன்முதலாக மகளைப் பார்க்கப் போகிறான். அந்த ஆள் பிரியாணியை அள்ளி அள்ளிச் சாப்பிடுகிற காட்சியிலேயே அவனுடைய பத்து வருடம் தெரிந்துவிடும். பிறகு அவன் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் காரணம் இருக்கிறது.

2015இல் வந்த ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ வேறு மாதிரி. நமீபியப் பாலைவனத்தில் உண்மையான வண்டிகளை ஓட்டி, உண்மையான ஆட்களைக் கம்பங்களில் ஆடவிட்டு எடுத்தது. அவ்வளவு வேகத்திலும் நமக்குக் கண் குழம்பாது, ஏனென்றால் முக்கியமான விஷயம் எப்போதும் திரையின் நடுவிலேயே இருக்கும்.

ஜாக்கி சானின் படங்கள் முடிந்த பிறகு ஓடுகிற துண்டுக் காட்சிகளை எழுந்து போகாமல் பாருங்கள். விழுந்து, எலும்பு முறிந்து, தூக்கிக்கொண்டு போகிறார்கள். சண்டைக் கலைஞர்கள் இல்லாமல் இந்தச் சினிமாவே இல்லை, ஆனால் அவர்கள் வேலைக்கென்று தனி ஒஸ்கார் 2027இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் கொடுக்கப் போகிறார்கள். எவ்வளவு காலம் கழித்து!

தமிழில் நல்ல அறிவியல் படம் இருக்கிறதா?

இருக்கிறது. 2015இல் வந்த ‘இன்று நேற்று நாளை’யில் கால இயந்திரம் கையில் கிடைத்த இரண்டு நண்பர்கள் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துப் பிழைக்கப் பார்ப்பார்கள். நம் ஆட்கள் உண்மையிலேயே அதைத்தான் செய்வார்கள், அதனால்தான் நம்ப முடிகிறது. 2021இல் வந்த ‘மாநாடு’ ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிற கதை, எஸ்.ஜே. சூர்யாவுக்காகவே இரண்டு தடவை பார்க்கலாம். பெரிய செலவு தேவையில்லை, ஒரு விதியை வைத்து அதைக் கடைசி வரை மீறாமல் இருந்தால் போதும்.

இந்தப் படங்களைப் பார்த்தே பழக்கமில்லை, எங்கிருந்து தொடங்குவது?

வீட்டில் எல்லோரும் இருந்தால் ‘இன்று நேற்று நாளை’, பிறகு ‘த மார்ஷியன்’. அடுத்து ‘கைதி’, சின்னப் பிள்ளைகள் இல்லாமல். ‘இன்டர்ஸ்டெல்லார்’ கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம், மறுநாள் லீவு இருக்கிற இரவில் போடுங்கள், மழை நாளில் டிஷ்ஷை நம்பாமல் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யுத்தப் படங்களை ஒன்றன் பின் ஒன்றாகப் பார்க்க வேண்டாம், நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள். ‘ஏலியன்’ பிள்ளைகள் நன்றாகத் தூங்கிய பிறகு.